தீராத் தலைவலியும் ஒரு பழைய புகைப்படமும்

பலமனேர் கிளைக்கு மாற்றலாகி வந்தபோது சக ஊழியர் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் அறிவுரை, "இந்த ஊரில் ஏ.சி. வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்" என்பதுதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 அடி உயரத்தில் இருக்கும் ஊர். நீலகிரி வெள்ளையருக்கு அறிமுகமாவதற்கு முன்பு, சென்னைப் பட்டணத்து ஐரோப்பியர்கள் உடல்நலம் தேறுவதற்காக வந்து தங்கிய இடம் இது என்று பழைய அரசு ஆவணங்கள் கூறுகின்றன. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த உறவு இன்னும் அறுபடவில்லை. எங்கள் கவுண்டரில் தெலுங்கும் தமிழும் கலந்தே ஒலிக்கும். பெரிய வைத்தியம் என்றால் மொகிலி கணவாய் இறங்கி, சித்தூர் வழியாக வேலூருக்குப் போவதே இவ்வூராரின் வழக்கம்.

நான் மருத்துவன் அல்லன். வணிகவியல் படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடன் விண்ணப்பங்களையும் கையொப்பங்களையும் பார்த்துக்கொண்டிருப்பவன். ஆயினும், நாளமில்லாச் சுரப்பிகளின் கோளாறால் தீராத தலைவலி வருமா என்னும் வினாவை எனக்கு முதலில் எழுப்பியது மருத்துவமனை அன்று. எங்கள் கிளையின் நகைக்கடன் மேசைதான்.

பட்டுக்கூடு வியாபாரம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் தம் மனைவியோடும், செவிலியர் பயிற்சி பெற்றுவந்த தங்கை மகளோடும் நகைக்கடனுக்காக வந்திருந்தார். அவருடைய கணக்கில் வாடிக்கையாளர் விவரப் புதுப்பிப்பு நிலுவையில் இருந்தது. இடர் குறைந்த கணக்குகளுக்குப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இவ்விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே பழைய விண்ணப்பத்தை எடுத்தோம். அதிலிருந்த புகைப்படத்தையும் எதிரில் அமர்ந்திருந்த மனிதரையும் பார்த்த எங்கள் அலுவலர் பேசாமல் கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

படத்தில் ஒடிசலான முகம். எதிரில் அமர்ந்திருந்தவருக்கோ அகன்ற தாடை, தடித்த உதடு, பருத்த மூக்கு, புடைத்த புருவ எலும்பு. பற்களுக்கிடையே இடைவெளி விழுந்திருந்தது. கையொப்பமும் ஒத்துவரவில்லை. ஆள்மாறாட்டம் என்னும் ஐயம் எங்களுக்கு எழுந்ததை நான் மறைக்கப் போவதில்லை. கூடுதல் அடையாளச் சான்றும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று கேட்டேன்.

"சார், இது நான்தான். பத்து வருஷமா இதே பேங்க்குக்கு வர்றேன். வேற யாருன்னு நினைக்கிறீங்க?" என்றார் அவர். குரல் கனத்திருந்தது. சினத்தைவிட அவமானமே அதில் மிகுதி.

இதற்குள் நகை மதிப்பீட்டாளர் அடகுக்கு வந்த பொருள்களில் ஒரு மோதிரத்தைத் தனியே எடுத்து வைத்திருந்தார். வளையம் ஓரிடத்தில் வெட்டப்பட்டிருந்தது. காரணம் கேட்டபோது அவர் மனைவி விடை சொன்னார்: "விரல்ல இறுகிப் போச்சுங்க. சோப்புப் போட்டுப் பார்த்தோம், எண்ணெய் போட்டுப் பார்த்தோம். கழலவே இல்லை. பத்தர்கிட்டப் போய் வெட்டித்தான் எடுத்தோம்." அவ்வம்மையார் பேச்சோடு பேச்சாக வேறு சிலவற்றையும் சொன்னார். செருப்பு எட்டாம் எண்ணிலிருந்து பத்தாம் எண்ணுக்குப் போய்விட்டதாம். இரவில் குறட்டை பொறுக்க முடியாததாம். விரல்கள் மரத்துப் போவதால் பேனா பிடிக்கச் சிரமமாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு ஆண்டுகளாகத் தலைவலி. கண்ணாடி இருமுறை மாற்றியாயிற்று. சைனஸ் என்று மருந்து சாப்பிட்டாயிற்று. காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டுதலும் நிறைவேற்றியாயிற்று. கடைசியில், மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைகள் நாளொன்றுக்கு இரண்டு என்பதில் வந்து நின்றிருந்தது.

அந்தப் பயிற்சிப் பெண் மட்டும் எங்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. மேசைமீது அருகருகே கிடந்த இரண்டு புகைப்படங்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "சார், இதை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? எங்க மேடம்கிட்டக் காட்டணும்" என்று கேட்டார். வாடிக்கையாளரின் இசைவோடு எடுத்துக்கொண்டார். இரண்டு வாரங்கள் கழித்து வேலூரில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், அவருடைய பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருப்பது தெரிந்தது.

பிட்யூட்டரி என்பது மூளையின் அடிப்புறத்தில், மூக்கின் வேருக்கு நேர் பின்னால், எலும்பாலான ஒரு சிறு குழியில் அமர்ந்திருக்கும் சுரப்பி. குதிரைச் சேணம் போன்ற வடிவமுடையதால் அக்குழிக்குத் துருக்கியச் சேணம் என்றே பெயர். சுரப்பியின் அளவு ஒரு பட்டாணி. எடை ஏறத்தாழ அரை கிராம். எங்கள் மதிப்பீட்டாளரின் தராசில் வைத்தால் ஒரு மூக்குத்தியின் எடைகூடத் தேறாது. ஆனால் தைராய்டு, அட்ரினல், விந்தகம், சூலகம் ஆகியவை அனைத்தும் இதன் கட்டளைக்கேற்பவே சுரக்கின்றன. உடல் வளர்ச்சிக்கான ஹார்மோனும் தாய்ப்பால் சுரப்பதற்கான புரோலாக்டினும் இங்கிருந்தே புறப்படுகின்றன.

இச்சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அவை தரும் தொல்லை இருவகைப்படும். ஏதேனும் ஒரு ஹார்மோனை அளவின்றிச் சுரப்பது ஒன்று. வளர்ந்து அக்கம்பக்கத்தை அழுத்துவது மற்றொன்று. சுரப்பிக்கு நேர் மேலேதான் இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்காகக் கடக்கின்றன. கட்டி அங்கே முட்டினால் பக்கவாட்டுப் பார்வை குறையும். நேரே உள்ளது தெரியும். பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் இக்குறை சரியாகாது.

வளர்ச்சி ஹார்மோன் மிகும் நிலைக்கு அக்ரோமெகாலி என்று பெயர். 1886-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மாரி இட்ட பெயர் அது. எலும்புகளின் வளர்முனைகள் மூடுவதற்கு முன்பே இளமையில் வந்தால் ஆள் மிக உயரமாக வளர்வார். பின்னர் வந்தால் உயரம் கூடாது; கை, கால், தாடை, நாக்கு ஆகியவை பருக்கும். மல்யுத்த அரங்கில் காலி என்னும் பெயரால் உலகம் அறிந்த, இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த தலீப் சிங் ராணாவை வாசகர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். ஏழடிக்கு மேற்பட்ட அவ்வுருவத்துக்குப் பின்னால் இருந்ததும் இதே சுரப்பிதான். 2012-இல் அமெரிக்காவில் அவருடைய பிட்யூட்டரி கட்டி அறுவை செய்து அகற்றப்பட்டது. அத்தகைய உருவத்தை நாம் கண்டு கைதட்டுகிறோம். அதற்குள் ஒரு நோய் இருக்கக்கூடும் என்று எண்ணுவதில்லை.

இந்நோய் அரியது. பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேருக்குத்தான் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஆனால் முதல் அறிகுறிக்கும் நோய் அறியப்படுவதற்கும் இடையே ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழிந்துவிடுவது இயல்பு என்று மருத்துவ நூல்கள் ஒருமித்துச் சொல்கின்றன. மாற்றம் மிக மெதுவாக நடக்கிறது. நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. "கூடவே இருக்கிற எனக்குத் தெரியலையே" என்று அவர் மனைவி பின்னர் என்னிடம் வருந்தினார். மருத்துவர்களே இந்நோயில் ஐயம் வந்தால் நோயாளியின் பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல்வதுண்டு. திருமண ஆல்பம், ஓட்டுநர் உரிமம், வங்கிப் புத்தகம் என எதுவாயினும் சரி.

இந்நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தலைவலி உண்டு. காரணம் வெறும் அழுத்தம் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். அப்படியானால் பெரிய கட்டிக்குப் பெரிய வலியும், சிறிய கட்டிக்குச் சிறிய வலியும் இருக்க வேண்டும். உண்மையில் அப்படி இல்லை. மிகச் சிறிய கட்டியுள்ளவர் துடித்துப் போவதும், பெரிய கட்டியுள்ளவர் வலியே அறியாதிருப்பதும் உண்டு. வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் ஆக்ட்ரியோடைடு என்னும் ஊசியைப் போட்டவுடன், கட்டி சிறிதும் சுருங்காத நிலையிலேயே, சிலருக்குச் சில நிமிடங்களில் தலைவலி நின்றுவிடுகிறது. ஆகவே சுரப்பின் வேதியியலுக்கும் வலியில் பங்குண்டு என்பது தெளிவு. பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் 2018-இல் வெளியிட்ட தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு, பிட்யூட்டரி சுரப்பு மிகுவதாலோ குறைவதாலோ வரும் தலைவலியைத் தனி இனமாகவே ஏற்றிருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எந்தத் தொல்லையும் இல்லாத மனிதர்களை ஸ்கேன் செய்தாலும், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் சிறு புள்ளி போன்ற ஏதேனும் தென்படும் என்கின்றனர். எனவே, தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில் கட்டி என்ற சொல்லைக் கண்டதுமே அதுதான் காரணம் என்று முடிவுகட்டிக் கலங்குவதும் தவறு. இரத்தத்தில் ஹார்மோன் அளவையும் பார்வைப் புலத்தையும் சோதித்த பிறகே மருத்துவர் தீர்ப்புச் சொல்வார்.

இந்த இரத்தச் சோதனையைப் பற்றி ஒரு செய்தி. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹார்மோன் இருப்பது கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான். அதை அளக்க வழியே இல்லாதிருந்த காலத்தில், அமெரிக்காவின் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்கத்தைப் பயன்படுத்தி ஒரு முறையைக் கண்டனர். யாலோவுக்கு 1977-இல் நோபெல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். கோடிகளை ஈட்டித் தந்திருக்கக்கூடிய அம்முறைக்கு இருவரும் காப்புரிமை பெறவில்லை. வணிகவியல் படித்த எனக்கு, அறிவியலைவிட இச்செய்தியே பெருவியப்பளித்தது.

அறுவை சிகிச்சைக்கு வருவோம். தலை அறுவை என்றதும் எங்கள் வாடிக்கையாளர் அஞ்சியது மண்டையோட்டைத் திறப்பார்கள் என்றுதான். ஆனால் 1907-இலேயே ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்பவர் மூக்கின் வழியே இச்சுரப்பியை அடைந்தார். பின்னர் அமெரிக்காவின் ஹார்வி குஷிங் அவ்வழியைச் செப்பம் செய்தார். இன்று நுண்ணிய உள்நோக்குக் குழாயை மூக்குத் துளையில் செலுத்திக் கட்டியை அகற்றுகின்றனர். வெளியே தழும்பு தெரிவதில்லை. நமக்கு அருகிலேயே இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை. மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பியவர் அவர். திருப்பதியில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்திலும் நாளமில்லாச் சுரப்பி நோய்களுக்கெனத் தனித்துறை இயங்குகிறது.

எல்லாப் பிட்யூட்டரி கட்டிக்கும் கத்தி தேவையில்லை. இவற்றுள் அதிகம் காணப்படும் புரோலாக்டின் கட்டி பெரும்பாலும் கேபர்கோலின் என்னும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். பிள்ளை பெறாத பெண்ணுக்குப் பால் கசிவதும், மாதவிலக்கு நின்றுபோவதும், ஆண்களுக்கு ஆண்மைக் குறைவு ஏற்படுவதும் இதன் அடையாளங்கள். இங்கேயும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். நெஞ்செரிச்சலுக்கெனப் பலரும் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் பான்டோபிரசோல், டோம்பெரிடோன் கூட்டு மாத்திரையில் உள்ள டோம்பெரிடோன் தானாகவே புரோலாக்டின் அளவை உயர்த்தும். சோதனைக்குப் போகும்போது எந்தெந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறோம் என்பதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால், அறிக்கை தவறான வழியைக் காட்டும்.

பிட்யூட்டரியைப் பற்றி இவ்வளவு எழுதியது அந்த வாடிக்கையாளரின் பொருட்டு. தலைவலியோடு தொடர்புடைய சுரப்பிகளில் நம் வீடுகளில் அடிக்கடி கோளாறாவது தைராய்டுதான். இந்தியாவின் எட்டு நகரங்களில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், வயது வந்தோரில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு காணப்பட்டது. இக்குறைவு உள்ளவர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்குத் தலைவலி இருப்பதாக மேற்சொன்ன பன்னாட்டு வகைப்பாடு மதிப்பிடுகிறது. துடிக்கும் வலி அன்று அது. தலையின் இருபுறமும் பாரம் ஏற்றியது போல, விடாமல் இருக்கும் வலி. பெண்களுக்கே மிகுதி. உடல் பருத்தல், மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், குளிர் தாங்காமை, காரணமற்ற சோர்வு ஆகியவை உடன் வரும். பலமனேரின் மார்கழியில் குளிர் தாங்கவில்லை என்று யார் சொன்னாலும் எவரும் ஐயுற மாட்டார்கள் என்பது தனிச் சங்கடம்.

இதை அறிய டி.எஸ்.எச். என்னும் ஒரு சாதாரண இரத்தச் சோதனை போதும். சிறிய ஊர்களின் ஆய்வகங்களிலும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். மருந்தும் மலிவு. ஆனால் சாப்பிடும் முறையில்தான் பலர் தவறுகின்றனர். தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது கழித்தே காப்பி குடிக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளை அதனோடு சேர்க்காமல் நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். சுரப்பு சீரானதும் இவ்வகைத் தலைவலி சில வாரங்களில் தணியத் தொடங்கும். தணியாவிட்டால் காரணம் வேறு என்று கொள்ள வேண்டும். என் மனைவிக்கு இரண்டும் இருந்தன. தைராய்டு சீரான பின்னும் ஒற்றைத் தலைவலி தன் முறைப்படி வந்துகொண்டுதான் இருக்கிறது.

தைராய்டைப் பற்றிப் பேசும்போது ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்த டாக்டர் வி. இராமலிங்கசுவாமியை நினைக்காமல் இருக்க முடியாது. 1950-களில் இமயமலையடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலையால் அவதியுற்ற மக்களிடையே அவரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தாலே அந்நோயைப் பெரிதும் தடுக்கலாம் என்று காட்டியது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. நம் சமையலறை உப்புப் பொட்டலத்தில் அயோடின் என்று அச்சிட்டிருப்பதன் பின்னணி அதுதான். இப்போது நாம் காணும் தைராய்டுக் குறைவில் பெரும்பகுதி, உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவதால் வருவது; உப்பைக் கூட்டி அதைச் சரிசெய்ய இயலாது.

சூலகமும் ஒரு நாளமில்லாச் சுரப்பியே. பூப்பெய்தும் பருவத்துக்கு முன் ஒற்றைத் தலைவலி ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஏறக்குறையச் சமமாக வருகிறது. அதன் பின்னர் பெண்களுக்கு ஏறத்தாழ மும்மடங்காகிறது. மாதவிலக்குக்குச் சற்று முன் ஈஸ்ட்ரோஜன் அளவு சரேலென இறங்குவதே பலருக்கு வலியைத் தூண்டும் காரணம். கருவுற்றிருக்கும் மாதங்களில் அளவு நிலையாக இருப்பதால் பலருக்கு வலி விலகிவிடுவதும், மாதவிலக்கு முற்றும் நிற்கும் பருவத்தில் சிலருக்கு அது கடுமையாவதும் இதனால்தான். சுரப்பியில் நோய் ஏதும் இல்லை. அதன் ஏற்ற இறக்கத்துக்கே தலை விடையளிக்கிறது. நாட்காட்டியில் வலி வந்த நாள்களைக் குறித்து வைத்தால் இரண்டு மூன்று மாதங்களில் இக்கணக்கு புலப்படும்.

சிறுநீரகத்தின் மேலே தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் மிக அரிதாக ஒருவகைக் கட்டி தோன்றுவதுண்டு. திடீரெனத் தலை வெடிப்பது போன்ற வலி, படபடப்பு, உடல் முழுதும் வியர்வை, வெளுத்த முகம், எகிறும் இரத்த அழுத்தம் எல்லாம் ஒன்றாக வந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் இயல்பாகிவிடுவதால், மனப் பதற்றம் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுவோர் உண்டு. வலி வரும் நேரத்திலேயே வீட்டில் இரத்த அழுத்தத்தை அளந்து குறித்து வைத்தால் அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.

இத்தனை சொன்னாலும், நூறு பேருக்குத் தலைவலி என்றால் அவர்களுள் மிகச் சிலருக்கே சுரப்பி காரணம். எஞ்சியோருக்கு ஒற்றைத் தலைவலி, தசை இறுக்கம், உறக்கக் குறைவு, பார்வைக் குறை எனப் பழகிய காரணங்களே. மேலும் ஒன்று உண்டு: மாத்திரையே வலியாவது. மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரைகளை மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் அம்மாத்திரையே நாள்பட்ட தலைவலியை உண்டாக்கும். கூட்டு மாத்திரைகளுக்கு மாதத்தில் 10 நாள்களே போதும். வட்டி கட்டக் கடன் வாங்கி, அக்கடனுக்கு மீண்டும் வட்டி கட்டுவது போன்றது இது. எங்கள் வாடிக்கையாளர் அன்றாடம் இரண்டு மாத்திரைகளை விழுங்கி வந்ததால், அவருடைய வலியில் கட்டியின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய மருத்துவர்களுக்கே காலம் பிடித்தது.

ஆகவே தனித்து வரும் தலைவலியைவிட, அதனோடு துணைக்கு எவை வருகின்றன என்பதே இங்கு முக்கியம். மோதிரமும் செருப்பும் இறுகுவது, பக்கப் பார்வை குறைவது, மாதவிலக்கு மாறுவது, காரணமின்றி எடை கூடுவது, இரத்த அழுத்தம் அலைபாய்வது ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், அதைத் தலைவலிக்குத் தொடர்பற்றதென்று ஒதுக்காமல் ஒரே மருத்துவரிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு ஒருவர், மூக்குக்கு ஒருவர், கைமரப்புக்கு ஒருவர் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னதால்தான் இவருக்கு ஆறு ஆண்டுகள் கடந்தன. வாழ்நாளில் அறியாத கடும் வலி நொடியில் தாக்கி, வாந்தியோ இரட்டைப் பார்வையோ மயக்கமோ உடன் வந்தால், அது பிட்யூட்டரியில் ஏற்படும் இரத்தக் கசிவாகவும் இருக்கலாம், மூளையில் ஏற்படும் கசிவாகவும் இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாழ்த்தலாகாது.

வங்கியாளன் என்ற முறையில் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது தலைவலிக்காகப் பார்த்த மருத்துவரையும் சாப்பிடும் மாத்திரையையும் மறைக்காமல் எழுதுங்கள். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிக அளவாக 36 மாதங்கள்தான். மறைத்து எழுதிய விண்ணப்பத்தால் உரிமைக் கோரிக்கையே நிராகரிக்கப்படலாம். பல காப்பீடுகள் மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டுமே செலவைத் தருகின்றன. வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்குக் கைப்பணம் வேண்டும். பழைய வரிமுறையில் இருப்போர், முன்காப்புப் பரிசோதனைக்கு ஆகும் செலவில் 5,000 ரூபாய் வரை உரிய உச்சவரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். அன்று அந்தக் குடும்பம் எங்களிடம் பெற்ற நகைக்கடன் கூட்டு வியாபாரத்துக்காகக் கேட்டது, செலவானது வேலூரில்.

அறுவை முடிந்த அடுத்த ஆண்டில் அவர் நகைகளை மீட்க வந்தார். விரல்களின் வீக்கம் ஓரளவு வடிந்திருந்தது. வளர்ந்த தாடையெலும்பு அப்படியே இருந்தது, அது இனிச் சுருங்காது. குறட்டை குறைந்துவிட்டதாக மனைவி சொன்னார். தலைவலி முற்றிலும் போகவில்லை. "மாசத்துல ரெண்டு மூணு நாள் வரும் சார். முன்ன மாதிரி இல்லை" என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலூருக்குப் போய் இரத்தச் சோதனை செய்துகொள்கிறார்.

முந்தைய ஆண்டில் நான் சாட்சி கேட்டதற்கு வருத்தம் தெரிவித்தேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. வெட்டிய மோதிரத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, பத்தரிடம் கொடுத்துப் பெரிதாக்கிச் சேர்க்கப் போவதாகச் சொன்னார். பிறகு புதிய மாதிரிக் கையொப்ப அட்டையில் மூன்று இடங்களில் நிதானமாகக் கையெழுத்திட்டு, புதிய புகைப்படத்தையும் தந்தார். பழைய படத்தைக் கோப்பிலிருந்து எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். விதிப்படி முடியாது என்பதால், அதன் நகலை எடுத்துக் கொடுத்தேன்.